குளிசைக்குப் பதிலாக ஒரு விரதம்

ஐப்பசி, கந்தசட்டி மூன்றாம் நாள். இரவு.

காலையில் தங்கச்சி பவளம் தண்ணீர் அள்ளும்போது வலிப்பு வந்து விழுந்துவிட்டாள். நல்லவேளை, கிணற்றுக்கட்டுக்கு வெளியே விழுந்தாள். உள்ளே விழுந்திருந்தால் என்ற நினைப்பு இன்னும் விடவில்லை. வருடக்கணக்காக வராத வலிப்பு.

அவள் கண் விழித்ததும் கேட்டேன்.

"குளிசை போடேல்லையோ?"

"விரதமெல்லே அண்ணை. வாயிலை பச்சைத் தண்ணியும் படக்கூடாது."

சட்டி தொடங்கியதிலிருந்தே வலிப்பு மாத்திரையை நிறுத்தியிருக்கிறாள். விட்டதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். ஆனாலும் பயம். சைக்கிளில் போய் டொக்டரிடம் கேட்டேன்.

"படிச்ச மடையா! சேர்த்துக் குடுத்தாப் பிள்ளை எழும்பாது. வழக்கமான அளவு மட்டும் குடு. இனி ஒரு நாளும் திடீரெண்டு நிப்பாட்ட விடாதை."

வீட்டுக்கு வந்து குளிசையை நீட்டினேன். தள்ளிவிட்டாள்.

"முருகன் கோவிப்பார்."

"முருகன்தான் அந்த டொக்டரைத் தந்தவர் எண்டு நினை."

"நீ எப்ப தொடக்கம் முருகனை நம்பிறனீ?" சிரித்தாள். பிறகு சொன்னாள்: "அப்ப என்ரை விரதத்தை நீ பிடி. சூரன்போர் முடியுமட்டும். நான் குளிசை போடுறன்."

ஓம் என்றேன். என் கண்முன்னே விழுங்கினாள். கஞ்சியும் குடித்தாள்.

அடுத்த அறையில் அவளுடைய மூச்சு கேட்கிறது. சற்று நின்றது போலிருந்தது. இல்லை, சீராகத்தான் இருக்கிறது.

நம்பாத தெய்வத்துக்காகப் பட்டினி கிடக்கிறேன். அடுப்படியில் வாழைக்குலை தொங்குகிறது. ஒன்று தின்றாலும் யாருக்கும் தெரியாது. ஆனால் அவளுக்குத் தெரியவந்தால், நாளைக்குக் குளிசையைத் துப்பிவிடுவாள்.