உன்னைப் பார்த்து எழுதிய மாத்திரை

அக்கா,

கமலா ஆரஞ்சுச் சுளை ஒன்று இப்போது என் வாயில் இருக்கிறது. பசிக்காக அல்ல. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. தண்ணீர் குடித்தாலும் சற்று நேரத்தில் மறுபடி காய்ந்துவிடுகிறது. சுளையைக் கன்னத்தில் ஒதுக்கிய பிறகுதான் நினைவு வந்தது, நீயும் வாய் காய்ந்தால் இப்படித்தான் செய்வாய். ஏரிக்கரை லாட்ஜில் வேலை பார்த்த நாட்களில், கன்னம் ஒரு பக்கம் உப்பியிருக்க, வருகிறவர்களுக்குச் சாவி எடுத்துக் கொடுப்பாய். அது நினைவுக்கு வந்ததிலிருந்து பயமாக இருக்கிறது. அம்மா பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள். போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

பெரியம்மா மகள் என்றாலும் நீ எங்கள் வீட்டில் வளர்ந்தவள். பெண் பார்க்க வந்தவர்கள் உன் உடம்பைக் குறை சொல்லிவிட்டுப் போன பிறகு, நீயாகவே சேலத்துக்குப் பஸ் ஏறினாய். டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்தார், நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார், வேறு மாத்திரை ஏதாவது உண்டா என்று விசாரித்தார். பிறகுதான் பசியைக் குறைக்கும் மாத்திரை எழுதினார். கொஞ்ச காலத்துக்கு மட்டும், மாதாமாதம் வந்து காட்ட வேண்டும் என்றாராம். நெஞ்சு படபடத்தாலோ மூச்சு வாங்கினாலோ உடனே நிறுத்திவிட்டு வரவேண்டுமாம். காபியைக் குறைக்கச் சொன்னார். நீ அடியோடு விட்டாய். "காப்பிக் காட்டுல பொறந்துட்டு சுடுதண்ணி கேக்கறா பாரு" என்று அம்மா உன்னைக் கேலி செய்வாள்.

பள்ளியில் என்னைப் பலாக்காய் என்று கூப்பிடுகிறார்கள் என அழுது, நான் உன்னிடம் ஒரே ஒரு மாத்திரை கேட்டேன். நீ மாத்திரைப் பட்டையைக் கைக்குள் மூடிக்கொண்டாய்.

"இது என்னையப் பாத்து எழுதுனது கண்ணு. உன்னைய அவரு பாக்கவே இல்லியே."

மறுமாதம் நீ டாக்டரிடம் போகவில்லை. சீசன் கூட்டம், லீவு கிடைக்கவில்லை. சேலத்தில் எது வேண்டுமானாலும் ஜீப்காரரிடம் சொல்லிவிடுவதுதானே நம் மலை வழக்கம். ரவிக்கைத் துணியில் ஓரம் வெட்டிக் கொடுத்தால் அதே நிறத்தில் நூல் வாங்கி வருவார். நீ டாக்டர் சீட்டைக் கொடுத்தனுப்பினாய். சாயங்காலம் மாத்திரையும் வந்தது, சீட்டும் திரும்பி வந்தது. அடுத்த மாதமும் அதே சீட்டுதான் போயிற்று. டாக்டர் குழல் வைத்துக் கேட்க வேண்டிய நெஞ்சு மட்டும் மலையை விட்டு இறங்கவே இல்லை.

பிறகு, நிறுத்திவிட்டேன் என்றாய். நம்பினேன்.

சேலம் ஆஸ்பத்திரியில் நீ மூச்சுக்குத் தவித்தபோது, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறாள் என்று அங்கிருந்த டாக்டர் கேட்டார். "ஒன்னுமே இல்லீங்க" என்றாள் அம்மா. அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். காய்ச்சலில் போய்விட்டாய் என்று ஊரில் சொல்கிறார்கள். எதனால் போனாய் என்று எனக்குத் தெரியாது, அக்கா. டாக்டர் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் கிடைக்கவில்லை என்பது மட்டும் இப்போது தெரிகிறது.

ஏனென்றால், கொஞ்ச நாளாக அம்மா காலையில் எனக்கும் ஒரு மாத்திரை தருகிறாள். சத்து மாத்திரையாம். அப்படியானால் பட்டையோடு தரலாமே? ஏன் உரித்து, முந்தானையில் முடிந்து எடுத்து வருகிறாள்? ஒரு இட்லியை மிச்சம் வைத்தாலே திட்டுகிறவள், தட்டு அப்படியே கிடந்தும் ஏன் பேசாமல் இருக்கிறாள்? நேற்று ஜீப்காரர் வாசலில் நின்று, "ஏனுங்க, அதே சீட்டுத்தானுங்களே?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அம்மா மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். அந்தச் சீட்டில் உன் பெயர்தான் இருக்கும். செத்துப்போன உன் பெயரில் எனக்கு மாத்திரை வருகிறது.

அம்மா எனக்குக் கெடுதல் நினைக்கமாட்டாள். கல்யாண வீட்டில் யாரோ, "உங்க ஊட்ல இதுவும் நொம்பத்தான் உருண்டு வருது" என்று சொன்னதிலிருந்து அவளுக்கு நிம்மதி இல்லை. எல்லாம் புரிகிறது. இருந்தும் அவள் கையைப் பார்க்கவே பயமாக இருக்கிறது. இடப்பக்கம் திரும்பிப் படுத்தால் நெஞ்சு பாயில் இடிக்கிறது.

சற்றுமுன் கதவருகே வந்தாள். டார்ச்சை அணைத்துவிட்டேன்.

"தூங்கலியா சாமி?"

"வாய் காயுதும்மா. அக்காளுக்குக் காஞ்ச மாதிரியே."

அவள் போகவில்லை. இருட்டில் வெகுநேரம் அவள் வளையல் சத்தம் மட்டும் கேட்டது.

காலையில் முந்தானை முடிச்சை அவிழ்த்தாலும் நான் கை நீட்டமாட்டேன். என்னை இன்னும் எந்த டாக்டரும் பார்க்கவில்லை, வா பஸ்ஸுக்குப் போகலாம் என்பேன். வராவிட்டால் பள்ளிக்குப் போகிற வழியில் அரசு ஆஸ்பத்திரியில் தனியாக இறங்குவேன். என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று அங்கே கேட்பார்கள். இந்த முறை பதிலை நான் சொல்வேன்.