உன் பெயரில் திறக்கப்போகும் காடைக் கூண்டு

என்றும் என் பிரியத்துக்குரிய அக்காவுக்கு,

தை பிறந்ததும் உனக்கு முதல் திவசம். படையல் முடிந்த கையோடு உன் மகன் செந்தில், பண்ணையில் வாங்கிவரும் காடைகளை உடையார்பாளையத்து முந்திரிக்காட்டில் திறந்துவிடப் போகிறான். "அம்மா நினைவாகப் பறவைகளுக்கு விடுதலை" என்று பேனர்கூட அடித்தாகிவிட்டது. அதில் உன் படம்.

எனக்கு மனசு ஆறவில்லை. விலங்கியல் பாடம் நடத்திய நீ இருந்திருந்தால் ஒரே அதட்டலில் முடிந்திருக்கும்.

பக்கத்துக் கோழிப்பண்ணையில் நோய் வந்து, செத்ததையெல்லாம் ஓடையில் கொட்டிய பிறகு அந்தக் காட்டில் காடைக் குரலே அடங்கிப்போனது. உன் கடைசி மாதங்களில் ஒன்றிரண்டு மறுபடி கூவின. நீ என்னிடம் சொன்னாய்: "பொழச்சதுங்க ரத்தத்துல நோயத் தாங்குற ஏதோ ஒண்ணு இருக்குடா. யாரும் கைய வைக்காம இருந்தாப் போதும், பெருகிடும்."

இதைச் சொல்லத்தான் செந்தில் வீட்டுக்குப் போனேன். என்ன பேசுவதென்று வரிசைப்படுத்திக்கொண்டே போனேன். பண்ணைக் காடை வேறு நாட்டு இனம், காட்டுக் காடையோடு இணை சேரலாம், சேர்ந்தால் அந்தத் தாங்கும் குணம் கரைந்துபோகலாம் என்று ஆரம்பித்தேன். அவன் சிரித்தான்.

"என்ன மாமா, காடைக்குப் போயி சாதி பாக்குறீங்க? அம்மா கல்யாணத்துக்கே நீங்கதான சாட்சிக் கையெழுத்து போட்டீங்க?"

ஊரே எதிர்த்த உன் கல்யாணம். அவன் நீட்டிய காபியை வாங்கிக்கொண்டேன்.

அவன் விடவில்லை. "மிச்சம் இருக்கறதே நாலு காடை. சொந்தத்துலயே கூடுனா குஞ்சு நோஞ்சானாத்தான் பொறக்கும். அத்த மவன வேணாம்னப்ப அம்மாவும் இதத்தான சொல்லுச்சு?"

காய் அரிந்துகொண்டிருந்த அவன் மனைவி, "மாமாவுக்குக் காடை வறுவல்மேல ஆச. தொறந்து வுட மனசு வல்ல," என்றாள். இருவரும் சிரித்தார்கள். காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

ஜெயங்கொண்டம் பஸ்ஸில் உட்கார்ந்த பிறகுதான் பதில் வந்தது. வந்து என்ன பயன்? சாதி நாம் கட்டிய பொய். இந்தக் காடையின் உடம்பையோ நாம் நிஜமாகவே மாற்றிவிட்டோம். தலைமுறை தலைமுறையாக இயந்திரத்தில் பொரித்துப் பொரித்து அதற்கு அடைகாப்பதே மறந்துபோயிற்று. அந்த மறதி காட்டுக்குள் கலந்தால் முட்டைமேல் யார் உட்காருவது? சொந்தத்துக்குள் கூடுவதில் ஆபத்து உண்டுதான். புது ரத்தம் வேண்டுமென்றால் இன்னொரு காட்டிலிருந்து வரட்டுமே. பண்ணையிலிருந்து கூடவே வரும் நோயை யார் சோதித்தார்கள்?

சரியாகத்தான் சொல்கிறேனா, அக்கா? நம் காட்டில் இரண்டும் இணை சேர்ந்து நான் பார்த்ததில்லை. வெளிநாட்டில் நடந்ததைப் படித்ததுதான். என் பயம் வீணாகவும் இருக்கலாம். ஆனால் திறந்துவிட்டபின் தப்பென்று தெரிந்தால் எதைப் பிடித்துத் திரும்ப அடைப்பது?

இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். செந்தில் படித்தாலும் படிக்காவிட்டாலும் திவசத்தன்று முதல் பஸ்ஸுக்கே போய்விடுவேன். என் பேச்சு பாதியில் நின்றுபோகும், உனக்குத் தெரியாததா? நின்றுபோனால் பேசாமல் கூண்டின்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வேன். உன் மகன் தாய்மாமனைத் தூக்கி இறக்கிவிட்டுத்தான் அந்தக் கதவைத் திறக்க வேண்டும்.

பேச்சு வராத உன் தம்பி,
கலியமூர்த்தி