கடலைப் பார்த்த குழாய்கள்

மச்சான்,

திருப்போரூர் பஸ் ஸ்டாண்டில் நேற்று உன் கையைப் பார்த்தேன். மாமல்லபுரம் கடற்கரை இசைவிழாவை மறுபடி நடத்தப்போகிறார்களாம். பெரிய பேனர். பழைய போட்டோ. ஓரத்தில் ஒரு சவுக்கு மரம், அதில் கயிற்றைப் பிடித்திருக்கும் கை. முகத்தை வெட்டிவிட்டார்கள். வாட்ச்சை உள்பக்கமாகக் கட்டுகிற கை இந்தக் கரையில் வேறு யாருக்கு?

நடுவில் நம் குப்பத்து ஏழுமலை. இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, ஈரம் சொட்டச் சொட்ட ஓடிவருகிறான். சுற்றிலும் கூட்டம் கை தட்டுகிறது. கீழே கொட்டை எழுத்தில்: ‘ஆனந்தம் கரையேறிய நாள்’. அங்கேயே நின்று கெட்ட வார்த்தையில் திட்டினேன். பக்கத்தில் நின்றவர் நகர்ந்து போனார்.

அந்தப் பழைய விழா அன்று சாயங்காலம் மழை கொட்டியதில் பட்டணத்துக்காரர்களின் பெட்டி பெட்டியான ஸ்பீக்கரெல்லாம் செத்துப்போனது. நம் மைக் செட் கடைக்குத்தான் ஓடிவந்தார்கள். நான் பேட்டரி தூக்கினேன், நீ மரம் ஏறினாய். நாலு குழாய் ஸ்பீக்கரைக் கூட்டத்தைப் பார்த்துக் கட்டினாய். கரையோரச் சவுக்கில் கட்டிய ரெண்டு மட்டும் கடலைப் பார்த்தன.

யாரும் உன்னை அப்படிக் கட்டச் சொல்லவில்லை. மீனவக் குப்பத்தில் சாவு விழுந்தால், காத்து மாறிப் புயல் வரும்போல் இருந்தால், அந்த ரெண்டு மரத்தில்தான் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவாய். பேச்சு அவ்வளவு தூரம் போகாது, பாட்டுப் போகும். கேட்டதும் வலையை விட்டுவிட்டு வந்துவிட வேண்டும், அதுதான் குப்பத்துக் கட்டுப்பாடு. அந்த மரத்தில் உன் கைக்கு வேறு திசை தெரியாது.

பாட்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் கட்டுமரங்கள் வரிசையாக வந்தன. வலையை அறுத்துப் போட்டுவிட்டு வந்திருந்தார்கள். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது. கடலே கேட்க வந்துவிட்டது என்று மேடையில் ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அலையில் குதித்தவர்கள் கத்தியது அங்கே யாருக்குக் கேட்டது? “இன்னா ஆச்சு? யாரு பூட்டாங்க?”

ஏழுமலை நிற்கவேயில்லை. வீட்டில் பெண்டாட்டி தனம் நிறைமாசம். கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடினான். நீ மரத்தில் இருந்தபடியே சொன்னாய்: “அவன் அய்துகினு ஓட்றான் மச்சான், இவுங்க கை தட்றாங்க.”

தனத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. அத்தோடு போயிருந்தால் நாமும் சொல்லிச் சொல்லிச் சிரித்திருப்போம். அந்த ஐப்பசியில் நிஜமாகவே காத்து மாறியது. நீ அதே மரத்தில் குழாய் கட்டிப் பாட்டுப் போட்டாய். “பாய் மறுபடியும் கச்சேரி வெச்சிகிறாரு” என்று கடலில் உன்னைச் சொல்லிச் சிரித்தார்களாம். வலையை நிதானமாக இழுத்துக்கொண்டு வந்தார்கள். எல்லோரும் வந்தார்கள், ஏழுமலையைத் தவிர.

குப்பம் உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீதான் உன்னை விடவில்லை. டீ குடிக்கும்போதுகூடச் சட்டென்று கையை விரித்துப் பார்ப்பாய். “இந்தக் கைதான்டா.” உன் கை இல்லைடா என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! நீ கேட்டால்தானே. அந்த ரெண்டு குழாயையும் என் வீட்டுப் பரணில் போட்டுவிட்டு ஊரை விட்டே போனாய். “விக்காத. கட்டவும் கட்டாத” என்றாய். இத்தனை வருஷம் நான் அதைத் தொடவில்லை.

போன வாரம் விழாக்காரப் பெண் ஒருத்தி வீட்டுக்கு வந்தாள். நல்ல பிள்ளைதான். அந்தக் குழாய்கள் வேண்டுமாம், நான் மேடையில் ரெண்டு வார்த்தை பேச வேண்டுமாம். “அப்போ மாதிரியே கடல் பக்கம் கட்டிடலாம் சார். போட்டுக்காரங்ககிட்ட சொல்லியாச்சு, பாட்டு கேட்டதும் வந்துருவாங்க.” யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். முடியாது என்று சொல்லத்தான் இருந்தேன். உனக்குக் கொடுத்த வார்த்தை இருக்கிறதே.

நேற்று பேனருக்குக் கீழே நின்று திட்டிக்கொண்டிருந்தபோது மீன் கூடையோடு தனம் வந்தாள். தினமும் அந்த வழியாகத்தான் மார்க்கெட்டுக்கு வருகிறாள். கூடையை இறக்கி வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள்.

“படிச்சியா அண்ணாத்த? ஆனந்தமாம்.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“எனுக்கு இன்னாமோ ஆயிட்ச்சின்னு ஓடியாந்த ஓட்டம் அது. வாசல்ல என்னப் பாத்துட்டு அப்டியே மண்ணுல குந்திட்டாரு. ஊரே பாத்துகினு போவுது, ஒருத்தருக்குத் தெரில. பாய் இருந்தா சொல்லியிருப்பாரு.”

இல்லை மச்சான், நீ சொல்லியிருக்க மாட்டாய், உன் கையைத்தான் விரித்துப் பார்த்துக்கொண்டிருப்பாய். அது அவளுக்குத் தெரியாது.

காலையில் குழாய்களைப் பரணிலிருந்து இறக்கினேன். ஒன்றுக்குள் குளவி கூடு கட்டியிருந்தது. தட்டி எடுத்துத் துடைத்து வைத்திருக்கிறேன். உன் பேச்சை மீறுகிறேன், கோபித்துக்கொள். நாளைக்கு அதே சவுக்கு மரத்தில் நானே ஏறிக் கட்டப்போகிறேன், முட்டி வலித்தாலும் பரவாயில்லை. ரெண்டும் கூட்டத்தைப் பார்த்துத்தான் இருக்கும். பாட்டு தொடங்கும் முன்னால், ஏழுமலை ஏன் ஓடினான் என்று அதில் சொல்லப்போகிறேன். தனம் முன்வரிசையில் உட்காருகிறேன் என்றிருக்கிறாள்.