உள்ளுக்குக் கொடுத்த காய்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் வேளைக்குச் சாப்பிட்டு இருக்கிறாய் என்கிற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பாவுக்கு மூட்டுவலி தேவலை, புதுக் கண்ணாடிதான் பிடிக்கவில்லை, போட்டால் தரை மேலே வருகிறதாம். போனில் சித்தப்பாவைப் பற்றி நீ கேட்டபோது நான் பேச்சை மாற்றினேன், சித்தி பக்கத்தில் இருந்தாள், அதனால்தான். இப்போது எல்லாம் சரியாகிவிட்டது, பயப்படாமல் மேலே படி.

சித்தப்பாவின் தையல் கடைக்குப் பின்னால் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டது போலச் சுரைக்காய் சுரைக்காயாகக் காய்க்குமே ஒரு மரம், சாசேஜ் மரம் என்று நீ படம்கூடப் பிடித்தாயே, அது இந்த வருஷம் பேய்க்காய்ப்பு. பொழுது சாய்ந்தால் ரத்தச் சிவப்பில் பூ விரிகிறது, நாற்றம் தாங்கவில்லை, அதற்கென்றே வௌவால்கள் வந்து மொய்க்கின்றன. காய் ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். ஒன்று விழுந்து தபால்காரரின் சைக்கிள் சக்கரம் வளைந்துபோனதிலிருந்து அவர் தெருமுனையில் நின்றுதான் குரல் கொடுக்கிறார்.

சித்தப்பாவுக்குக் கால் அரிப்பு உண்டே, மிஷினை மிதிக்கவே முடியாமல் இருந்தார். யாரோ வாடிக்கைக்காரி சொன்னாள் என்று சித்தி அந்தக் காயைச் சீவிக் காயவைத்து இடித்து எண்ணெயில் குழைத்துப் பூசினாள். அரிப்பு அடங்கியது, எனக்கே ஆச்சரியம். அதோடு விட்டிருக்கலாம். வெளியே பூசினாலே இப்படிக் கேக்குதே, உள்ளே போனா அடியோட போயிடாதா என்று பச்சைக்காயைப் பிழிந்து ஒரு டம்ளர் சாறு கொடுத்துவிட்டாள். அவரும் முகம் சுளிக்காமல் குடித்தார். அவ்வளவுதான், வாந்தியும் பேதியுமாக மனுஷர் துவண்டுவிட்டார். வண்டி பிடித்து ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என்ன சாப்பிட்டார் என்று டாக்டர் சித்தியைக் கேட்டார். சித்தப்பா அரைக்கண்ணைத் திறந்து, "சுரைக்காய்னு நெனச்சு நானே தின்னுட்டேன் டாக்டர்" என்றார். அந்த நிலைமையிலும் அவளுக்காக ஒரு பொய். டாக்டர் அவரைத் திட்டத் திட்ட சித்தியால் பொறுக்க முடியவில்லை. "அவரத் திட்டாதீங்க, நான்தான் பிழிஞ்சு குடுத்தேன்" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள். டாக்டர் குரலைத் தணித்து அவளை உட்காரச் சொல்லி, எந்த மரத்துக் காய் என்று விசாரித்தார். அந்த மரம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாம், அங்கே தோல் புண்ணுக்குக் காலங்காலமாக அதைப் பூசுகிறார்களாம், கட்டையில் படகு குடைகிறார்களாம், பழுத்த காயைச் சுட்டுப் புளிக்கவைத்துக் குடிப்பதும் உண்டாம். யானையும் குரங்கும் தின்று விதையைப் பரப்புமாம், ஆனால் பச்சைக்காய் மனுஷருக்கு விஷம் என்றார். சித்தப்பா சலைன் ஏறுகிற கையோடு, "என்னை யானைன்னு நெனச்சுட்டா போல" என்றார். யாரும் சிரிக்கவில்லை, அவரே சிரித்து இருமினார்.

வீட்டுக்கு வந்ததும் சித்தி அடுப்படிப் பக்கமே போகவில்லை. என் கையால இனி அவருக்கு எதுவும் வேண்டாம் என்று சமையலை என் தலையில் கட்டிவிட்டாள். அவரோ நான் கொண்டுபோனதை மூடி வைத்துவிட்டு, அவ வந்து போடட்டும் என்று பட்டினி. நடுவில் நான் கிடந்து அல்லாடினேன். மரத்தை வெட்ட அப்பா ஆள் பார்க்கப் போனார், சித்தப்பா விடவில்லை. "அது பாட்டுக்கு நிக்குது, அதுவா டம்ளர்ல ஏறி வந்துச்சு" என்றவர், உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு சித்தியைப் பார்த்தார்.

நேற்றுச் சாயங்காலம் சித்தி தானாக எழுந்துபோய் டீ போட்டாள். கொண்டுவந்து முதலில் தான் இரண்டு மடக்குக் குடித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் அவர் கையில் கொடுத்தாள். அவர் வாங்கிக் குடித்துவிட்டு, சர்க்கரை கம்மி என்றார். அவள் முறைத்தாள். அப்பாடா என்று நான் வீடு வந்து சேர்ந்தேன்.

நீ மருந்துக்கடையில் வேலை பார்க்கிறவள், தெரிந்தால் என்ன நினைப்பாயோ என்று அவள் குமைகிறாள். அதனால் ஒரு தடவை கூப்பிட்டுப் பேசு. நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே, மருந்துப் பேச்சும் வேண்டாம். ரவிக்கை இறுக்கமாகிவிட்டது, பிரித்துத் தைப்பது எப்படி என்று கேள், தைரியமாகச் சொல்லித் தர அவளுக்கு இப்போது ஒன்று வேண்டியிருக்கிறது.

நோய் நொடி அண்டாமல், நேசிக்கிறவர்கள் சூழ நீ நெடுநாள் வாழவேண்டும். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

இப்படிக்கு,
உன் குரலுக்குக் காத்திருக்கும்
அம்மா