நாற்பத்தேழு தடவை ஒரே பாட்டு

அன்புள்ள தம்பிக்கு,

நிலைய நிர்வாகி அல்ல, அக்கா எழுதுகிறேன். நீ அனுப்பிய ஒன்பது பக்கத் திட்டத்தின் தலைப்பில் "நிலைய நிர்வாகி அவர்களுக்கு" என்று போட்டிருந்தாயே, அதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க உன் அத்தானோடு நான் பேசவில்லை. எனக்குத் தெரியாமல் உன்னிடம் யோசனை கேட்டு எழுதியது அவர்தானே. மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத தம்பி முதல்முதலாக எழுதுகிறான், அதிலும் "அவர்களுக்கு"வாம்! சரி, போகட்டும். இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அத்தானுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. குறைந்த மறுநாளே ஒலிபரப்புக் கோபுரத்தடியில் புல் வெட்டப் போய்விட்டார், ஆகவே சீக்கிரம் திரும்பி வரும். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்பாய். நேராகச் சொல்லிவிடுகிறேன், சொதப்பிவிட்டோம். ஆனால் இவ்வளவு நல்லபடியாக நான் எதையும் சொதப்பியதில்லை.

நம் வானொலி நிலையத்துக்குச் சொந்தக்காரரான பெயின்ட் கடை முதலாளி போட்ட கெடு உனக்குத் தெரியும். இந்த மாதக் கடைசிக்குள் நேயர்கள் கூடவில்லை என்றால் நிலையத்தை மூடிவிட்டு, கோபுரம் நிற்கிற இடத்தில் கிடங்கு கட்டுவேன் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. புதுக் கார் ரேடியோக்களில் நம் ஏ.எம். அலைவரிசை வருவதே இல்லை. எங்காவது மின்னல் வெட்டினால் நம் நிலையத்தில் செய்தியை விட அந்தக் கரகரப்புதான் தெளிவாகக் கேட்கிறது. இதையெல்லாம் நீயும் ஏழாம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். கொஞ்சம் சந்தோஷமாகவே எழுதியது போல எனக்குப் பட்டது.

நீ மூன்று வழி சொல்லியிருந்தாய். நாள் முழுக்கப் புதுப்பாட்டு, முந்நூறு பாட்டைக் கணினியே மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ளும். இல்லாவிட்டால் நாள் முழுக்கப் பழைய பாட்டு. அதுவும் இல்லாவிட்டால் பாட்டே கிடையாது, வெறும் பேச்சு. முதலாளிக்கு முதல் வழிதான் பிடித்தது, கணினி லீவு கேட்காதே. நான் பழைய பாட்டுக்காக இரண்டு நாள் மல்லுக்கு நின்றேன். உன் அத்தான் மூன்றுக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். கடைசியில் முதலாளி சொன்னதுதான் நடந்தது.

எந்த வழியானாலும் மாறுவதற்கு முன் இரண்டு நாள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும், நடுவில் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, ஊரெல்லாம் இதே பேச்சாகிவிடும், மூன்றாம் நாள் புது நிலையத்தை ஆரம்பித்தால் அத்தனை பேரும் கேட்பார்கள் என்று எழுதியிருந்தாய். இது வானொலித் தொழிலில் பழைய தந்திரமாம், உங்கள் கம்பெனி பல ஊர்களில் செய்து பார்த்ததாம். எந்தப் பாட்டு என்று மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டாய். நான் மேலாகக் கிடந்த சி.டி. ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். காலை ஆறு மணிக்கு நீ நிகழ்ச்சியை ஆரம்பிக்கப் போடுவாயே, அந்தப் பாட்டு. அத்தான் சி.டி.யைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கணினியில் ஏற்றினார்.

வெள்ளிக்கிழமை காலை ஆறுக்கு ஆரம்பித்தோம். ஆறேகாலுக்கு ரொட்டிக்கடை அம்மா போன் செய்து, "தம்பி வந்துடுச்சா? எப்ப வந்துச்சு? சொல்லவே இல்லையே!" என்றார். நீ போன பிறகு அந்தப் பாட்டை நான் ஒரு தடவைகூடப் போட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. யாரிடமும் எதுவும் சொல்லக் கூடாது என்பது உன் உத்தரவாயிற்றே, "பொறுத்திருந்து கேளுங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். அதுதான் வினையாகப் போயிற்று. பாட்டு வருகிறது, உன் குரல் வரவில்லை. மறுபடி பாட்டு வருகிறது, மறுபடியும் குரல் இல்லை. இது அஞ்சலிதான் என்று முடிவுகட்டி, ஏழு மணிக்குள் பாதி ஊர் உன்னைச் சாகடித்துவிட்டது.

சிரிக்காதே. ஏழரைக்குப் பூக்கடைக்காரர் கண்ணெல்லாம் சிவந்து வந்து நிற்கிறார், தோளில் பெரிய மலர்வளையம். பின்னாலேயே அவர் நாய். அதே நேரத்தில் தையற்கடைக்காரர் உன்னை வரவேற்கப் பூச்செண்டோடு படியேறுகிறார். செண்டு வாங்கினதும் அதே கடையில்தான், ஆனால் கடையில் இருந்த பெண்ணிடம். இரண்டு பேரும் வாசலில் முகத்தோடு முகம் பார்த்து விழித்தார்கள். "செத்தவனுக்கு யாருய்யா செண்டு கொடுப்பா?" என்று அவர் அதட்ட, "வந்தவனுக்கு யாருய்யா வளையம் வைப்பா?" என்று இவர் கத்த, நான் கதவைத் திறந்து, "அவன் குத்துக்கல்லு மாதிரி நல்லா இருக்கான், உள்ளே வாங்க" என்றேன். பூக்கடைக்காரர் படியிலேயே உட்கார்ந்து அழுதார். வளையத்தை எங்கே வைப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அதோடு விட்டதா? பள்ளி வேன் ஓட்டுகிறவர் வந்து சத்தம் போட்டார். வானிலை சொல்லி முடித்ததும்தான் அவர் வண்டியை எடுப்பாராம், இன்றைக்கு யாரும் வானிலை சொல்லவில்லை, பிள்ளைகள் தெருமுனையில் நிற்கிறார்களாம். கன்றுக்குட்டியைக் காணோம், அறிவிக்கச் சொல்லி ஒருவர். ஆற்றுப் பாலத்தில் லாரி குறுக்கே நிற்கிறது, ஊரை எச்சரியுங்கள் என்று ஒருவர். ஒன்பது மணிக்கு முகத்தில் பாதி சவரத்தோடு முதலாளியே வந்தார். நாம் எட்டு மணி சொன்னால்தான் அவர் அம்மா மாத்திரை போடுவாராம். "மணி எட்டு ஆச்சும்மான்னு நான் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. ரேடியோ சொல்லலையேங்கறாங்க" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

ஒருவர்கூட அந்தப் பாட்டைப் பற்றிக் கேட்கவில்லை, தம்பி. புதுசு வேண்டும், பழசு வேண்டும் என்று சொன்னவர் ஒருவரும் இல்லை. இரண்டு நாள் ஓட வேண்டிய பாட்டு நாற்பத்தேழு தடவை ஓடியிருந்தது. ஒன்பது பத்துக்கு அத்தானே எழுந்து நிறுத்தினார். நான் மைக்கைத் திறந்து, முதலில் எட்டு மணி சொன்னேன். ஒரு மணி நேரம் தாமதம்தான், ஆனாலும் சொன்னேன். அப்புறம் நீ உயிரோடு இருப்பதை மூன்று தடவை அறிவித்தேன். பாலம், வானிலை, கன்றுக்குட்டி எல்லாம் ஆயிற்று. வந்திருந்தவர்களை வரிசையாக உட்காரவைத்துப் பேசவிட்டேன், நடுநடுவே கைக்கு வந்த பாட்டைப் போட்டேன். மத்தியானத்துக்குள் கன்றுக்குட்டி கிடைத்துவிட்டது.

முதலாளி பாதி முகத்தோடு பதினொரு மணி வரை கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார். எழுந்து போகும்போது, "பாட்டு எதை வேணும்னாலும் போடுங்க. நடுவுல பேசறது மட்டும் நிக்கக் கூடாது" என்றார். கிடங்கை ஒரு வருஷத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார். அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஏழாம் பக்கத்தை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. செல்போனிலும் நிலையம் கேட்கும்படி அத்தான் ஏதோ கம்பிகளை இணைத்துக்கொண்டிருக்கிறார், இப்போதைக்கு நம் வீட்டுச் சமையலறை வரை கேட்கிறது.

முதலாளி ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார். மத்தியானமும் சாயங்காலமும் நான் பேசுவேன். காலையிலும் நானே பேசினால் ஒரே மாதத்தில் தொண்டை போய்விடும். அடுத்த மாதம் முதல் தேதிக்குள் காலைக்கு ஆள் கிடைக்காவிட்டால் அந்த நான்கு மணி நேரத்தைக் கணினியிடம் கொடுத்துவிடுவாராம். உன் நாற்காலியை இதுவரை யாருக்கும் தரவில்லை. அதன் மேல் இப்போது மலர்வளையம் இருக்கிறது. வேறு இடம் கிடைக்கவில்லை, கோபித்துக்கொள்ளாதே.

இனி நான் எழுதுவதை மெதுவாகப் படி. அந்த சி.டி. மேலாகக் கிடந்தது என்று எழுதினேனே, அது பொய். மூன்று வருஷமாக என் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருந்தேன். நிலையத்தை மூடத்தான் போகிறார்கள், அதற்குள் இரண்டு நாளாவது வயிறாரக் கேட்டுவிடலாம் என்று எடுத்தேன். நாம் சண்டை போட்ட அன்று, "உன் பாட்டைக் கேட்க இந்த ஊர்ல ஒரு நாய்கூட இல்லை" என்று உன் முகத்துக்கு நேராகச் சொன்னேன். நீ பையை எடுத்துக்கொண்டு போனாய். அந்த நாக்கை அன்றே கடித்துக்கொண்டிருக்கலாம். தப்புடா, தம்பி. ஊரே வந்தது. பூக்கடை நாய்கூட வந்தது, சாயங்காலம் வரை உன் நாற்காலிக்கடியில்தான் படுத்திருந்தது.

உனக்கு அங்கே நல்ல வேலை, பெரிய கம்பெனி, எல்லாம் எனக்குத் தெரியும். வா என்று அதட்ட எனக்கு வாய் இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள். எங்கே இருந்தாலும் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும்.

பூ எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிட்டது, கம்பி வளையம்தான் மிச்சம். பூக்கடைக்காரர் தினமும் போன் செய்து அதைத் திருப்பிக் கேட்கிறார், வேறு யாருக்காவது ஆகுமாம். யாருக்காகக் கொண்டுவந்தீர்களோ அவனே முதல் தேதிக்குள் நேரில் வந்து தருவான் என்று சொல்லி வைத்திருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதே.

உன் குரலுக்குக் காத்திருக்கும்,
அக்கா