முதல் பாதியை மெதுவாக ஓடு

மார்ச் 3, செவ்வாய்

பல் லேபில் இன்று வேலை ஓடவில்லை. ஒரு மேல்தாடைப் பல் செட்டின் மெழுகு கோணிவிட்டது, திரும்பச் செய்ய வேண்டும்.

வீட்டுக்கு வந்தால், மனைவி முழங்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு போனில் மூழ்கிக் கிடக்கிறாள். மாரத்தான் ரசிகர்களின் அந்தக் குழுதான். 29ஆம் தேதி பந்தயத்துக்கு இப்போதே ஆரூடம் தொடங்கிவிட்டது. யார் ஜெயிப்பார்கள், யார் எந்த கிலோமீட்டரில் படுத்துவிடுவார்கள் என்று, பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடியறியாத ஆட்கள் தீர்ப்பு எழுதுகிறார்கள். எல்லோரும் 'அம்பு' பக்கம். இருபத்திரண்டு வயது ஓட்டக்காரி ஒருத்திக்கு அவர்கள் வைத்த பெயர். எப்போதும் ஒரே சீராக ஓடும் என் மனைவியை 'கடிகாரம்' என்பார்கள். இப்போது 'பழைய கடிகாரம்'.

'மூட்டுவலி' என்ற பெயரில் ஒருவன் எழுதியதை உரக்கப் படித்துக் காட்டினாள். "முதல் மூணு பேருக்குத்தான் தேசிய அணியில இடம். கடிகாரத்துக்கு சாவி தீர்ந்துபோச்சு. வீட்டுச் சுவத்துல மாட்டி வையுங்க."

படித்துவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை.

மார்ச் 6, வெள்ளி

முடிவு செய்துவிட்டாளாம். ஆரம்பத்திலிருந்தே அம்புவின் முதுகில் ஒட்டிக்கொண்டு ஓடப்போகிறாள்.

"இத்தன வருஷம் சீரா ஓடி என்னத்தக் கிழிச்சேன்? இதுதாங்க கடைசி வாய்ப்பு. விட்டா எனக்கு முப்பத்தாறு வயசு."

"அவ வேகத்துல முதல் பாதி ஓடினா, ரெண்டாவது பாதிக்கு உன்கிட்ட என்னம்மா மிஞ்சும்?"

"நீங்க பல்லு செய்யுங்க."

அவ்வளவுதான் பேச்சு. போன வாரம் நீள ஓட்டம் முடித்து வந்தவள் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். உதடு வெளுத்திருந்தது. வெயில் என்றாள். அன்று வெயிலே இல்லை.

மார்ச் 8, ஞாயிறு

ஒரு காரியம் செய்தேன். அந்தக் குழுவில் 'நொண்டிக் குதிரை' என்ற பெயரில் சேர்ந்துவிட்டேன். முதல் பாதியைக் கடிகாரம் மெதுவாக ஓட வேண்டும், அம்புவைக் கண்ணில் படும் தூரத்தில் விட்டுவிட்டால் போதும், முப்பதாவது கிலோமீட்டருக்கு மேல் வரும் மேட்டில் அவளே தளர்ந்து கைக்கெட்டுவாள் என்று ஒரு பக்கத்துக்கு எழுதினேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இவளோடு குடித்தனம் நடத்தித் தெரிந்துகொண்டதுதான்.

கிழித்துத் தோரணம் கட்டிவிட்டார்கள். "குதிரைக்குக் கொள்ளு வையுங்கப்பா" என்றான் மூட்டுவலி.

மார்ச் 14, சனி

தட்டை முன்னால் வைத்துக்கொண்டே சொல்கிறாள்: "இந்த நொண்டிக் குதிரை யாருன்னு தெரியல. ஆனா விஷயம் தெரிஞ்ச ஆளு. மேட்டுல நான் தோளைத் தூக்குறதக்கூட கவனிச்சிருக்காரு."

"நானும் அதைத்தானே சொன்னேன்?"

"நீங்க பயந்து சொல்றீங்க. அவரு யோசிச்சுச் சொல்றாரு."

மாமியார் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மாப்ள, ஏன் சாப்பிடாம உக்காந்திருக்கீங்க?" என்றார். என்ன சொல்ல? என் சக்களத்தன் நான்தான் என்றா?

மார்ச் 19, வியாழன்

எழுத்து கோணலாக வருகிறது.

மதியம் லேபில் இருந்தபோது குதிரைக்குத் தனியாக ஒரு செய்தி. அவளிடமிருந்து.

'ஐயா, நீங்கள் யாரென்று தெரியாததால்தான் கேட்கிறேன். மேடு ஏறும்போது நெஞ்சுக்குள் மீன் துள்ளுவதுபோல் இருக்கிறது. இரண்டு முறை கண் இருட்டி, எங்கே நிற்கிறேன் என்றே தெரியவில்லை. வீட்டில் சொன்னால் ஓட விடமாட்டார்கள். ஓடாவிட்டால் நான் யாரென்று எனக்குத் தெரியாது. மெதுவாகப் போனால் கடைசிவரை தாங்குமா?'

தாங்குமாவா? என்னடி கேக்குற? பதினோரு வருஷமா பக்கத்துல படுத்திருக்கேன், என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. பேரு தெரியாத ஒரு குதிரைகிட்ட—

அந்தக் குதிரையும் நான்தானே. யார் மேல் கோபப்படுவது?

பதில் அனுப்பவில்லை. குதிரையாக 'ஓடாதே' என்றால் கேட்பாளா? ஒருவேளை கேட்கலாம். கேட்காவிட்டால்? இன்னொரு ஆளிடம் கேட்பாள். மூட்டுவலியிடம் கேட்பாள். கடவுளே.

மார்ச் 20, வெள்ளி

சொல்லிவிட்டேன். முதலில் அவளுடைய கோச்சிடம், போனில். பிறகு அவளிடம், சமையலறையில். போனை நீட்டி, "நொண்டிக் குதிரை நான்தான்" என்றேன்.

வாங்கிப் பார்த்தாள். அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருக்கலாம்.

"ஒரு ஆள்... ஒரே ஒரு ஆளாவது என் ஓட்டத்த மட்டும் பாக்குறான்னு நெனச்சேன். அதுவும் நீங்கதானா?"

கோச் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: டாக்டர் கையெழுத்து இல்லாமல் பந்தயம் கிடையாது. "வாங்குறேன். ஒண்ணும் இல்லன்னு எழுதி வாங்கிட்டு வந்து உங்க மூஞ்சில வீசுறேன்" என்று அம்மாவைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். என்னை வரவேண்டாம் என்றாள்.

அவள் வீச வேண்டும். வீசட்டும். நான் முட்டாளாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

மார்ச் 21, சனி

வீசவில்லை. இதயத் தசை தடித்திருக்கிறதாம். துடிப்பு தாறுமாறாகிறதாம்.

மாமியார்தான் அழுதுகொண்டே சொன்னார். "ஓடியிருந்தா என்ன ஆயிருக்கும்னு டாக்டர்கிட்ட கேட்டேன் மாப்ள. அத இப்ப கேக்காதீங்கம்மான்னுட்டாரு." மேலும் பரிசோதனைகள் இருக்கின்றனவாம், 30ஆம் தேதி வரச் சொல்லியிருக்கிறார். போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொண்டாளாம்.

பந்தயம் மட்டுமல்ல. இனி எந்தப் பந்தயமும் இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

பேசவில்லை. என்னிடம் மட்டுமல்ல, யாரிடமும். அலாரம் இல்லாமலே விடியும் முன் எழுந்து, ஷூவைக் கட்டிக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்திருக்கிறாள். பிறகு அவிழ்க்கிறாள்.

குழுவில் செய்தி பரவிவிட்டது. 'அம்புவைப் பார்த்துப் பயந்து விலகிவிட்டாள்.' நூறு பேர் சிரித்து வைத்திருக்கிறார்கள். பதில் எழுத உட்கார்ந்தேன். உண்மையை எழுத எனக்கு உரிமை இல்லை. பொய் எழுதத் தெம்பு இல்லை. குழுவை விட்டு வெளியே வந்துவிட்டேன்.

நான் செய்தது சரியா? சரிதான். சரியென்றால் ஏன் திருடன் மாதிரி வீட்டுக்குள் நடக்கிறேன்?

மார்ச் 26, வியாழன்

இன்றும் அப்படியே.

மார்ச் 29, ஞாயிறு

டிவியைப் போடுவதா வேண்டாமா என்று ரிமோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் வேண்டாம் என்று சைகை காட்டினார். உள்ளேயிருந்து குரல்: "போடுங்க."

ஒன்பது நாளைக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

அறை வாசலில், நிலையில் சாய்ந்து நின்று பார்த்தாள். அம்பு ஆரம்பத்திலேயே பிய்த்துக்கொண்டு போனாள். அவளை விடாமல் மூன்று பேர். பாதித் தூரத்தில் வர்ணனையாளருக்குத் தொண்டை கிழிந்தது. அந்த மூவரில் ஒருத்தியின் இடத்தில் என் கண்ணுக்கு வேறொருத்தி ஓடிக்கொண்டிருந்தாள். திரும்பி வாசலில் நின்றவளைப் பார்க்கத் தைரியமில்லை.

மேடு வந்தது. அம்புவின் நடை உடைந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்தார்கள். அந்தப் பெண்ணின் முகம் கோணி, வாய் திறந்து, குழந்தை மாதிரி ஆகிவிட்டது. என் மனைவி சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். ஏன் பொய், நான் சந்தோஷப்பட்டேன்.

அவளோ நிலையை விட்டு வந்து டிவிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். "மூச்ச விடுடி... சின்னச் சின்ன அடியா வை. மேல பாக்காத. இன்னும் கொஞ்சந்தான், வா... வா..."

அம்பு நான்காவதாக வந்து தரையில் விழுந்தாள். யாரோ போர்வை போர்த்தினார்கள்.

இவள் சோபாவில் வந்து உட்கார்ந்தாள். என் பக்கத்தில் இல்லை, மறு ஓரத்தில். அழுது முடிக்கும்வரை நான் அசையவில்லை. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, டிவியைப் பார்த்தபடியே கேட்டாள்:

"நாளைக்கு டாக்டர் எத்தன மணிக்கு வரச் சொன்னாரு?"

"பத்து மணிக்கு."

"லீவு சொல்லிடுங்க" என்றாள்.