சிவப்புப் பொத்தானும் உன் அம்மாவும்

அன்புள்ள வாலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் இடுப்புக்கு மேலே சௌக்கியம், உன் அம்மா கோபத்தில் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் தலை முதல் கால் வரை நலமாக இருக்க வேண்டும்.

நேற்று போனில் நீயும் உன் அம்மாவோடு சேர்ந்துகொண்டு, இந்தக் கரண்ட் வைத்தியம் வேண்டாம்பா, விழுந்து எலும்பு உடைந்தால் என்ன செய்வது என்றாய். அவள் பக்கத்தில் இருந்ததால் நான் வாயைத் திறக்கவில்லை. நடந்ததை இப்போது சொல்கிறேன், உன்னோடு இருக்கட்டும். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்தபோது எனக்கு அடிபட்டது முதுகில்தான், காலில் இருக்கும் நரம்பும் தசையும் வேலையில்லாமல் சும்மா கிடக்கின்றன. முதுகு வழியாக வர வேண்டிய கட்டளையைத் தொடையில் ஒட்டிய பட்டை வழியாக மெஷின் கொடுக்கிறது, தசை இறுகி முட்டி நிமிர்கிறது. குணமாகிவிட்டது என்று நினைத்துவிடாதே, மெஷினை அணைத்தால் மறுபடி துணிமூட்டைதான்.

போன வாரம் ஆஸ்பத்திரியில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன். காலில் உணர்ச்சி இல்லையா, எதிரே இருந்த கண்ணாடியைப் பார்த்துத்தான் நான் நிற்பதே எனக்குத் தெரிந்தது. குனிந்தால் உன் அம்மாவின் உச்சந்தலை. விழுந்ததிலிருந்து அண்ணாந்து அவள் தாடையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், வகிடு பூராவும் நரைத்துப்போனது அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. அதற்குள் தொடை களைத்து நடுங்க ஆரம்பித்தது. அது சகஜம்தான், பயிற்சி கொடுக்கும் பிசியோ பெண்ணும் என் இடுப்பு பெல்ட்டை ஒரு கையால் பிடித்தபடியே நாற்காலியைக் காலால் இழுத்தாள். உன் அம்மாவுக்கு அது தெரியுமா? கரண்ட் அடித்துத் துடிக்கிறேன் என்று பதறி, வீட்டில் ஷாக் அடித்தால் ஓடிப்போய் மெயினை அணைப்போமே, அதேபோல மெஷினின் சிவப்புப் பொத்தானை ஓங்கி அமுக்கிவிட்டாள். இரண்டு முட்டியும் ஒரே நேரத்தில் மடங்கின. அந்த பெல்ட் மட்டும் இல்லையென்றால் இந்தக் கடிதத்தைப் படுத்துக்கொண்டுதான் எழுதியிருப்பேன்.

அன்றிலிருந்து, உங்களைத் தள்ளிவிட்டதே நான்தான், இனி அங்கே கால் வைக்க மாட்டேன் என்கிறாள். நாளைக் காலை நான் முதல் அடி எடுத்து வைக்க வேண்டும். பக்கத்தில் நின்று பழகிக்கொள்ள வீட்டு ஆள் ஒருவர் வராவிட்டால் மெஷினை வீட்டுக்குத் தர முடியாது, அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். எலும்பு மெலிந்திருப்பதும் நிஜம். எனக்கும் பயம்தான், மறைக்கவில்லை. இது உன் கைக்கு வருவதற்குள் எப்படியோ முடிந்திருக்கும். நான் விழுந்திருந்தால் அவளை ஒரு வார்த்தை கேட்டுவிடாதே.

இதோ இப்போது உள்ளே வந்தாள். கடிதத்தைக் கையால் மறைத்துக்கொண்டேன். என் முகத்தைப் பார்க்காமல் ஷூவை எடுத்துத் துடைத்துக்கொண்டே, எந்தப் பொத்தானைத் தொடக் கூடாது, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்றாள்.

மூன்று பேரும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள், என் ஆசி எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். ஊருக்கு வரும்போது வழக்கம்போல என் நாற்காலி முன்னால் மண்டி போட்டுவிடாதே, நான் எழுந்து நிற்கும் வரை நின்றுகொண்டே இரு. உன் உச்சந்தலையையும் நான் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
எழுந்திருக்கப் போகும் உன் அப்பா